படிப்புக் கடன் தலைமேல இருக்கும்போது டர்பன்ல வீடு வாங்கலாமா?

தம்பி, நீங்க நீளமா எழுதியிருக்கீங்க, மத்தவங்களுக்கும் புரியணும்னு முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். வயசு 27, சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில ஐடி சப்போர்ட் வேலை, பிடித்தம் போறதுக்கு முன்னாடி மாசம் 26,000 ராண்ட். பேங்க்ல வாங்குன படிப்புக் கடனுக்கு மாசம் 1,850, அதுக்கு அம்மா சூரிட்டி கையெழுத்து போட்டிருக்காங்க. காருக்கு 4,600. ரெசர்வாயர் ஹில்ஸ்ல ஒரு வீட்டு அவுட்பில்டிங்ல குடியிருக்கீங்க, வாடகை 6,000. மாமா "வாடகை தண்டம், உடனே வீடு வாங்கு"ங்கறார், அம்மா "படிப்புக் கடனை முடிச்சுட்டு மத்ததைப் பாரு"ங்கறாங்க. அடுத்த வருஷம் கோயில்ல கல்யாணம், பொண்ணு நர்ஸ், அவங்களுக்கும் பழைய என்எஸ்ஃபாஸ் (அரசாங்கப் படிப்பு நிதியுதவி) கடன் பாக்கி. சாட்ஸ்வொர்த்ல தாத்தா வீடு இருக்கு, அது யாருக்குன்னு தெளிவில்லை. தங்கச்சி குவாசுலு-நடால் யுனிவர்சிட்டியில ரெண்டாவது வருஷம், ஃபீஸ் பாக்கி. நீங்க கேட்டது "கடனா வீடா, எது முதல்ல"ன்னு. ஆனா எழுத்து பூரா தெரியறது வேற கேள்வி, "நான் ஒழுங்காப் படிச்சேன், ஒழுங்கா வேலை பார்க்கறேன், அப்புறமும் எனக்கு ஏன் எட்டல?" ரெண்டுக்கும் சொல்றேன், முதல்ல ரெண்டாவதுக்கு, ஏன்னா அது மனசுல உறுத்திக்கிட்டு இருந்தா முதல் கேள்வியில தப்பான முடிவு எடுத்துருவீங்க.

நான் ஒரு பேங்க்ல வீட்டுக்கடன் பிரிவுல பல வருஷம் இருந்துட்டு, அப்புறம் பாண்ட் ஒரிஜினேட்டரா, அதாவது இங்க பாண்ட்னு சொல்ற வீட்டுக்கடனை பேங்குங்ககிட்ட வாங்கித் தர்ற ஆளா வேலை பார்த்தவன், இங்க உள்ள நம்ம ஆளுங்களோட பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மெண்டும் ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன். வக்கீல் இல்லை. சட்ட விஷயம் சொல்ற இடத்துல நான் சொல்றதை வச்சு வக்கீல்கிட்ட என்ன கேக்கணும்னு முடிவு பண்ணுங்க, அதோட நிறுத்திக்கங்க.

உங்க வீட்டு நிலைமையை நான் ரெண்டு தடவையும் ஓட்டையில விழுந்த குடும்பம்னு சொல்வேன். 2017 டிசம்பர்ல அப்போ அதிபரா இருந்த ஜேகப் ஜூமா, குடும்ப வருமானம் வருஷம் 3,50,000 ராண்டுக்குள்ள இருந்தா படிப்புச் செலவை அரசாங்கமே ஏத்துக்கும்னு அறிவிச்சார், 2018-லேர்ந்து என்எஸ்ஃபாஸ் பணம் புதுசா சேர்ற பிள்ளைங்களுக்குக் கடனா இல்லாம உதவித்தொகையாவே போச்சு. உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை பார்த்ததால அந்த வருமானக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிட்டாங்க, அதனால பேங்க் கடன். இப்போ நீங்க சம்பாதிக்கிறீங்க, முதல் வீடு வாங்கறவங்களுக்கு அரசாங்க மானியம் ஒண்ணு இருக்கு, முன்னாடி ஃப்ளிஸ்ப்னு பேரு, இப்போ ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ்ங்கறாங்க, அதுக்கு மாச வருமானம் 3,501-லேர்ந்து 22,000-க்குள்ள இருக்கணும், உங்களுது 26,000. அதுக்கும் கீழ 3,500-க்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் ஆர்டிபிங்கற இலவச அரசாங்க வீடு. ஆக படிக்கும்போது கொஞ்சம் அதிகம், வாங்கும்போதும் கொஞ்சம் அதிகம், ஆனா பேங்க் கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கம்மி. இது உங்க சோம்பேறித்தனம் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை, கோடு போட்ட விதம் அப்படி. நடுவுல மாட்டுறவங்களுக்கு இங்க மிஸ்ஸிங் மிடில்னு பேரே வச்சுட்டாங்க, பேரு வச்சதோட சரி.

மாமா தலைமுறை சொல்ற கதையையும் நியாயமாப் பார்க்கணும். "நாங்க 25 பர்சன்ட் வட்டியில வீடு கட்டினோம்"பாங்க, அது உண்மைதான், 1998 ஆகஸ்ட்ல ப்ரைம் ரேட், அதாவது பேங்குங்க கடன் வட்டிக்கு அடிப்படையா வைக்கற விகிதம், 25.5 பர்சன்ட் வரைக்கும் ஏறுச்சு, அப்போ பாண்ட் வச்சிருந்தவங்க பட்ட பாடு சும்மா இல்லை. அதுக்கும் முந்தின தலைமுறைக்கு சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் கவுன்சில் வீடு கிடைச்சுது, அதை "அவங்களுக்கு ஈசியா கிடைச்சுது"ன்னு நீங்க எழுதினதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். இனம் பார்த்துக் குடியிருக்கற இடத்தைப் பிரிச்ச, 1950-ல வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்துல கேட்டோ மேனர்ல சொந்தமாத் தோட்டம், வீடு, கோயில்னு வச்சிருந்தவங்களைக் கிளப்பித்தான் அங்க கொண்டுபோய் விட்டாங்க, மேகசின் பாரக்ஸ்ல இருந்த நம்ம தமிழ் தெலுங்கு கார்ப்பரேஷன் தொழிலாளிங்களும் அப்படித்தான் போனாங்க. இருந்ததைப் பிடுங்கிட்டுக் கொடுத்த வீடு அது. ஆனா ஒரு வித்தியாசம் நிஜம்: சம்பளம் சின்னதா இருந்தாலும் வீட்டுக்கான தவணை அதுக்குள்ள அடங்குற மாதிரி இருந்துது, வேலை இருந்துது. இன்னைக்கு நிலைமை வேற. 2025 முதல் காலாண்டுல 15-லேர்ந்து 34 வயசுக்குள்ள வேலையில்லாதவங்க 46.1 பர்சன்ட். அதே வயசுல பட்டதாரிங்கன்னு தனியா எடுத்தா 24-ஐ ஒட்டித்தான் வரும், அதனால "படிச்சதே வீண்"னு நீங்க எழுதின வரியையும் அடிச்சுடுங்க. கடன் வாங்கிப் படிச்சது தப்பான முடிவு இல்லை.

சரி, இப்போ கணக்கு. உங்க பதிவைப் படிக்கிற நிறைய பேரு நினைக்கிறது, பேங்க் மொத்தக் கடன் எவ்வளவு பாக்கின்னு பார்த்துட்டு வேண்டாம்னுருவாங்கன்னு. பாக்கித் தொகையை விட அவங்க கண்ணு போறது மாசத் தவணை மேல. ரெண்டு சோதனை இருக்கும், எது கம்மியோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். ஒண்ணு, பாண்ட் தவணை உங்க கிராஸ் சம்பளத்துல சுமார் 30 பர்சன்டுக்குள்ள இருக்கணும். ரெண்டாவது, எல்லாச் செலவும் எல்லாத் தவணையும் போக கையில மிஞ்சுறதுக்குள்ள பாண்ட் அடங்கணும், இது நேஷனல் கிரெடிட் ஆக்ட் கட்டாயப்படுத்துறது, 2007-லேர்ந்து கட்ட முடியாதவனுக்குக் கடன் கொடுத்தா பேங்குக்குத்தான் தலைவலி.

உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. 26,000-ல 30 பர்சன்ட் 7,800. 2025 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் இறக்கினதுக்கு அப்புறம் ப்ரைம் 10.25, அந்த வட்டியில 20 வருஷத்துக்கு 1 மில்லியன் ராண்ட் கடன்னா மாசம் சுமார் 9,816. அப்போ 7,800-க்கு கிட்டத்தட்ட 7,95,000 ராண்ட் பாண்ட் வரும். முதல் சோதனை அவ்வளவுதான், பாஸ். ரெண்டாவதுல வருமான வரி மாசம் 3,700 சொச்சம், யுஐஎஃப் (வேலையில்லாதவங்களுக்கான காப்பீடு), பென்ஷன், மெடிக்கல் எய்ட் எல்லாம் போக கையில 20,000-னு வச்சுக்குவோம். சாப்பாடு, பெட்ரோல், கார் இன்ஷூரன்ஸ், டேட்டா, வீட்டுக்குக் கொடுக்கறது எல்லாம் சேர்த்து 8,500, புது வீட்டுக்கு ரேட்ஸ் (முனிசிபல் வரி), லெவி (ஃப்ளாட் பராமரிப்புக் கட்டணம்), இன்ஷூரன்ஸ் 1,500. மிச்சம் 10,000. இதுல படிப்புக் கடன் 1,850 கழிச்சா 8,150, அது இன்னும் 7,800-க்கு மேலதான் இருக்கு, அதாவது படிப்புக் கடன் மட்டும் இருந்திருந்தா உங்க பாண்ட் ஒரு ராண்ட் கூடக் குறைஞ்சிருக்காது! இப்போ காரோட 4,600-ஐயும் கழிங்க. 3,550 தான் மிஞ்சும், அதுக்கு வர்ற பாண்ட் மூணரை லட்சம் சொச்சம். அந்தக் காசுக்கு உங்க பக்கம் நல்ல ஒரு பெட்ரூம் ஃப்ளாட் கிடைச்சாலே பெரிசு.

உங்க கேள்வியில படிப்புக் கடன் 9 தடவை வருது, கார் ஒரே ஒரு தடவை, அதுவும் பிராக்கெட்டுக்குள்ள. நான் இத்தனை வருஷத்துல பார்த்ததும் இதுதான். வேலை கிடைச்ச முதல் வருஷமே புது கார், 72 மாசத் தவணை, கடைசியில மொத்தமாக் கட்ட வேண்டிய பலூன் தொகை வேற. டர்பன்ல கார் இல்லாமப் பொழைக்கிறது கஷ்டம்னு எனக்கும் தெரியும், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு டாக்ஸி ரேங்க்ல நிக்கச் சொல்ல மாட்டேன். வித்துருங்கன்னும் சொல்லல, ஏன்னா வாங்கி ரெண்டு வருஷத்துல வித்தா பாக்கி அதிகமாவும் விலை கம்மியாவும் இருக்கும், அந்தப் பள்ளத்தை அடைக்க இன்னொரு கடன். பேங்க்கிட்ட செட்டில்மெண்ட் லெட்டர் (இப்பவே கடனை முடிக்க எவ்வளவு ஆகும்ங்கற கடிதம்) கேளுங்க, வண்டி இப்போ என்ன விலைக்குப் போகும்னு ரெண்டு இடத்துல கேளுங்க. ரெண்டும் கிட்ட கிட்ட இருந்தா மாத்திக்கிட்டு ஒரு பழைய வண்டிக்குப் போறது லாபம். இல்லைன்னா கையில வர்ற எக்ஸ்ட்ரா காசை எல்லாம் கார்ல போட்டு முடிச்சுட்டு, முடிஞ்ச வண்டியை இன்னும் அஞ்சாறு வருஷம் ஓட்டுங்க. பலூனை மட்டும் திரும்பக் கடனா எழுதிக்காதீங்க. உங்களை மாதிரி ரெண்டாவது சோதனையில மாட்டுறவங்களுக்கு மாசத் தவணையில 1,000 ராண்ட் குறைஞ்சா பாண்ட்ல சுமார் 1 லட்சம் ராண்ட் கூடும், இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கிட்டா துணிக்கடை அக்கவுண்ட்லேர்ந்து ஃபோன் காண்ட்ராக்ட் வரைக்கும் எல்லாத்தையும் நீங்களே எடை போட்டுக்கலாம்.

அப்போ படிப்புக் கடனை அவசரமா முடிக்கணுமா? பேங்க் படிப்புக் கடனோட வட்டி பெரும்பாலும் ப்ரைமை ஒட்டித்தான் இருக்கும், வீட்டுக்கடனும் அப்படித்தான், அதனால ஒண்ணை முந்தி முடிச்சு இன்னொண்ணை ஆரம்பிக்கிறதுல வட்டி லாபம் பெரிசா இல்லை. ஒழுங்கா மாசாமாசம் கட்டிக்கிட்டு வர்ற கடன் உங்க கிரெடிட் ரெக்கார்டுக்கு நல்லது கூட. ஆனா ஒரு மாசம் கூடத் தவறக்கூடாது, காரணம் அம்மா. சூரிட்டின்னா ஏதோ சாட்சிக் கையெழுத்து மாதிரின்னு நம்ம வீடுகள்ல நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க கட்டலைன்னா பேங்க் அம்மாகிட்ட வரும், அவங்க பேர்லயும் கறை விழும், தங்கச்சிக்கு நாளைக்கு ஏதாவது கடன் எடுக்கணும்னா அது இடிக்கும். அம்மா "முதல்ல இதை முடி"ன்னு சொல்றது கணக்குப்படி சரியில்லாம இருக்கலாம், ஆனா அவங்க பயம் சரியானது. ஒரு வழி இருக்கு, பாக்கி கொஞ்சம் குறைஞ்சதும் சூரிட்டியிலேர்ந்து அம்மாவை விடுவிக்கச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கேளுங்க, உங்க சம்பளம் இப்போ தனியாவே தாங்கும்னு காட்டுங்க. கொடுக்கணும்னு கட்டாயமில்லை, கேட்டவங்களுக்குச் சிலசமயம் கொடுத்திருக்காங்க.

வாடகை தண்டம்ங்கற மாமா பேச்சுக்கு வர்றேன், இது நம்ம ஊர்லேர்ந்து கப்பல்ல வந்த நம்பிக்கை போல, யாரும் நின்னு கணக்குப் போடறதே இல்லை. 8 லட்சம் ராண்ட் பாண்ட், 10.25 வட்டி, தவணை 7,853. முதல் மாசம் அதுல வட்டி மட்டும் 6,833, அசலுக்குப் போறது வெறும் 1,020. அதோட ரேட்ஸ், லெவி, இன்ஷூரன்ஸ் 1,500 சேருங்க. அதாவது திரும்பி வராத காசு 8,300 சொச்சம், உங்க வாடகை 6,000. இதுல குழாய் உடைஞ்சா, கூரை ஒழுகினா எல்லாம் உங்க தலையில. 20 வருஷக் கடன்ல அசல்ல பாதி குறையறதுக்கே 14 வருஷத்துக்கு மேல ஆகும். "வீட்டு விலை ஏறிடும்ல"ன்னா, நம்பர் ஏறும்தான், ஆனா விலைவாசியைக் கழிச்சுப் பார்த்தா 2008-க்கு முன்னாடி தொட்ட உச்சத்தை சவுத் ஆப்பிரிக்க வீட்டு விலை திரும்பத் தொடவே இல்லை. சென்னையில ஒரு கிரவுண்ட் வாங்கிப் போட்ட கதையை வச்சு டர்பனை அளக்காதீங்க. அதுக்காக வாங்காதீங்கன்னு அர்த்தமில்லை. பத்து வருஷம் ஒரே இடத்துல இருக்கப் போறீங்கன்னா, குழந்தை, ஸ்கூல்னு வேர் பிடிக்கப் போறீங்கன்னா வாங்கறது நல்ல முடிவுதான். ரெண்டு வருஷத்துல கேப் டவுனுக்கோ வெளிநாட்டுக்கோ போற எண்ணம் இருந்தா வாடகைதான் புத்திசாலித்தனம்.

வட்டி எங்க போகும்னு யாராவது உறுதியாச் சொன்னா நம்பாதீங்க, நானும் சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில ப்ரைம் 7 பர்சன்டுக்கு இறங்குச்சு, கோவிட் நேரம், 8 லட்சம் பாண்டுக்குத் தவணை 6,200. அப்போ "வாடகையை விடக் கம்மி"ன்னு எவ்வளவு பேரு ஓடி வந்தாங்க தெரியுமா, எங்க ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்லை. 2023 மே மாசம் அதே ப்ரைம் 11.75, அதே வீட்டுக்கு 8,670. மூணு வருஷத்துக்குள்ள மாசம் 2,470 கூடிப்போச்சு, சம்பளம் அந்த வேகத்துல ஏறல. ஃபீனிக்ஸ்ல ஒரு இளம் ஜோடி, ரெண்டு பேரும் ஆசிரியர்கள், கைக்குழந்தை, வீடு வாங்கின ரெண்டாவது வருஷம் டெப்ட் ரிவ்யூவுக்கு, அதாவது கட்ட முடியாத கடனோட தவணையைத் திருத்தி அமைக்கற ஏற்பாட்டுக்குப் போயிட்டாங்க. அதுவும் ஒரு வழிதான், சட்டப்படி பாதுகாப்பு உண்டு, ஆனா கிளியரன்ஸ் வர்ற வரைக்கும் வேற எந்தக் கடனும் எடுக்க முடியாது, ஃபோன்ல கூப்பிட்டு "உங்க தவணையைப் பாதியாக்குறோம்"னு சொல்றவங்க இதைக் கடைசியிலதான் சொல்வாங்க. அதனால நீங்க கணக்குப் போடும்போது இன்னைக்கு வட்டியை விட்டுட்டு 12 பர்சன்ட் வச்சுப் போடுங்க, அதுலயும் மூச்சு முட்டாம இருந்தா கை வைங்க. வட்டி இறங்கினா தவணையைக் குறைக்காம பழைய தொகையையே கட்டுங்க. 8 லட்சத்துக்கு மாசம் 500 கூடுதலாக் கட்டினாலே மூணு வருஷத்துக்கும் மேல முன்னாடி கடன் முடியும்.

கையில எவ்வளவு வேணும்னு கேட்டிருந்தீங்க. முதல் வீடு வாங்கறவங்களுக்கு 100 பர்சன்ட் பாண்ட் கொடுக்கற பேங்க் இருக்கு, ஆனா டெபாசிட் இல்லைன்னா வட்டி கொஞ்சம் கூடப் போடுவாங்க. 2025 ஏப்ரல்லேர்ந்து 12,10,000 ராண்ட் வரைக்குமான வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு பேர் மாறும்போது அரசாங்கத்துக்குக் கட்டற வரி) கிடையாது, ஆனா வக்கீல் ரெண்டு பேரு, ஒருத்தர் வீட்டை உங்க பேருக்கு மாத்த, இன்னொருத்தர் பாண்டை ரிஜிஸ்டர் பண்ண, ரெண்டு பேருக்கும் நீங்கதான் கட்டணும், உங்க பட்ஜெட்ல அது அறுபது எழுபதாயிரம் வரைக்கும் போகலாம். "டியூட்டி இல்லை"ன்னு ஏஜென்ட் சொன்னதும் செலவே இல்லைன்னு நினைச்சு வந்து முழிக்கிறவங்க நிறைய. 2024 செப்டம்பர்லேர்ந்து பென்ஷன் சேமிப்பைப் பங்கு பிரிச்சு வைக்கற டூ-பாட் முறை வந்திருக்கு, சேவிங்ஸ் பாட்லேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம், அதை இதுக்கு எடுக்கலாமான்னு கேட்டா, எடுக்கற காசுக்கு உங்க வருமான வரி விகிதத்துல வரி போகும், உங்களுக்கு 26 பர்சன்ட், 10,000 எடுத்தா 7,400 கையில வரும். எனக்குப் பிடிக்கல. கல்யாணச் செலவுல ஒரு பந்தியைக் குறைச்சா அதே காசு வரி இல்லாமக் கிடைக்கும், ஆனா அதை உங்க அம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லாதீங்க.

கல்யாணம்னு சொன்னதும் நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லியாகணும், உங்க பதிவுலயே எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது இதுதான். இந்த நாட்டுல கல்யாணத்தைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி ஆன்டிநப்ஷியல் காண்ட்ராக்ட் (கல்யாணத்துக்கு முந்தின சொத்து ஒப்பந்தம்) போடலைன்னா தானாவே கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டி ஆயிடும், அதாவது ரெண்டு பேரு சொத்தும் ஒண்ணு, ரெண்டு பேரு கடனும் ஒண்ணு. உங்க படிப்புக் கடன் அந்தப் பொண்ணுக்கும், அவங்க என்எஸ்ஃபாஸ் பாக்கி உங்களுக்கும், நாளைக்கு யாராவது ஒருத்தர் தொழில் தொடங்கி நஷ்டப்பட்டா ரெண்டு பேரு வீட்டுக்கும். கோயில்ல தாலி கட்டி ஐயரே மேரேஜ் ஆபீஸரா இருந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்றதில்லை, மேளச் சத்தத்துல கேக்கவும் கேக்காது. காண்ட்ராக்ட்டை நோட்டரி முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடியே போடணும், கையெழுத்துப் போட்ட மூணு மாசத்துக்குள்ள டீட்ஸ் ஆபீஸ்ல (பத்திரப் பதிவு ஆபீஸ்) ரிஜிஸ்டர் ஆகணும். பின்னாடி மாத்தணும்னா ஹைகோர்ட்டுக்குப் போகணும், காசும் அலைச்சலும் பல மடங்கு. அதேமாதிரி கோயில் சடங்கு மட்டும் பண்ணிட்டுப் பதிவு பண்ணாம விடறதும் ஆபத்து, சட்டத்து முன்னாடி அது முழுக் கல்யாணமா நிக்காது. பொண்ணு வீட்டுல காண்ட்ராக்ட்னு பேச்சு எடுத்தா "நம்பிக்கை இல்லையா"ம்பாங்க. அவங்க பொண்ணு பேர்ல உங்க கடன் விழாம இருக்கத்தான்னு சொல்லுங்க, அதுதான் உண்மையும்.

பொண்ணோட என்எஸ்ஃபாஸ் கடனைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். 2018-க்கு முந்தின கடனுக்கு வட்டி ரெப்போ ரேட்ல (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குப் போடற வட்டி) 80 பர்சன்ட்தான், பேங்க் வட்டியை விட ரொம்பக் கம்மி. கட்டறது வருமானத்துக்குத் தக்க 3-லேர்ந்து 8 பர்சன்ட் வரைக்கும். உங்க ரெண்டு பேரு கடன்ல எதை முந்தி முடிக்கணும்னா உங்களோடதைத்தான், அவங்களோடது மெதுவாப் போகட்டும். ஆனா கட்டாம மட்டும் விட்டுடாதீங்க, பாண்ட் அப்ளை பண்ற நேரத்துல அது தலை தூக்கும். ரெண்டு பேரு சம்பளத்தையும் சேர்த்து அப்ளை பண்ணா பேங்க் தாராளமாவே கொடுக்கும், 44,000 சேர்ந்து வருதுன்னா 13 லட்சம் வரைக்கும் கூடப் பேசுவாங்க. அதை எடுக்காதீங்க. பிரசவ லீவுல ஒரு சம்பளம் நின்னாலும் தாக்குப் பிடிக்கற அளவுக்கு வீடு பாருங்க, 8 லட்சத்தை ஒட்டி.

தாத்தா வீடு. இது உங்களுக்கு மட்டும் இல்லை, சாட்ஸ்வொர்த்ல பாதித் தெருவுல இந்தக் கதைதான். தாத்தா போய் வருஷக்கணக்காச்சு, பத்திரம் இன்னும் அவர் பேர்ல, மூத்த மாமா முன் வீட்டுல, சித்தி பின்னாடி அவுட்பில்டிங்ல, யாரும் எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுட்டுப் போன சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கற சட்ட வேலையை முடிக்கல. எஸ்டேட் முடியாத வீட்டை விக்கவும் முடியாது, அடமானம் வச்சுக் கடன் வாங்கவும் முடியாது, "உனக்கும் பங்கு இருக்கு"ங்கற வார்த்தையை எந்த பேங்கும் சொத்தா எடுத்துக்காது. முதல் வேலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ் ரெக்கார்டுல வீடு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, சில கவுன்சில் வீடுங்க குடியிருந்தவங்க பேருக்கு மாறாமலே கூடக் கிடக்கும். உயில் இல்லைன்னா இன்டஸ்டேட் சக்சஷன் சட்டப்படி பாட்டிக்கு ஒரு பிள்ளையோட பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது முதல்ல போகும், மிச்சம் பிள்ளைங்களுக்கு. பாட்டியோட கல்யாணம் கோயில்ல மட்டும் நடந்து பதிவாகலைன்னாலும் விட்டுடாதீங்க, அப்படிப்பட்ட இந்து விதவையையும் மனைவியாத்தான் கணக்குல எடுக்கணும்னு டர்பன் ஹைகோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு. பேரப் பிள்ளையான உங்களுக்கு நேரடியா எதுவும் வராது, அம்மா பங்குதான். அதை நம்பி திட்டம் போடாதீங்க, ஆனா அம்மாவை அந்தப் பேப்பரை ஆரம்பிக்கச் சொல்லுங்க, பாட்டி இருக்கும்போதே.

தங்கச்சி விஷயம் சுருக்கமா. யுனிவர்சிட்டிக்கு ஃபீஸ் பாக்கி இருந்தா அடுத்த வருஷம் பதிவு பண்ண விடமாட்டாங்க, முடிச்சாலும் சர்டிஃபிகேட்டைக் கையில கொடுக்க மாட்டாங்க, அதனால வீட்டுல இருக்கற கடன்லயே இதுதான் முதல்ல அடைக்க வேண்டியது, உங்க படிப்புக் கடனுக்கும் முன்னாடி. 2024-லேர்ந்து 3,50,000-க்கு மேல 6,00,000 வரைக்கும் வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு என்எஸ்ஃபாஸ் மூலமாவே கடன் திட்டம் ஒண்ணு வந்திருக்கு, எல்லாருக்கும் கிடைக்கிறதில்லை, ஆனா ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல போய் நேர்ல கேக்கணும். யாரோ "மூணு வருஷம் கட்டாம இருந்தா கடன் காலாவதி ஆயிடும்"னு சொன்னதா எழுதியிருந்தீங்க. ப்ரிஸ்கிரிப்ஷன் சட்டம்னு ஒண்ணு இருக்கறது நிஜம், சாதாரணக் கடனுக்கு மூணு வருஷம்தான். ஆனா நடுவுல ஒரு தடவை கடனை ஒத்துக்கிட்டு அக்னாலெட்ஜ்மெண்ட்ல கையெழுத்துப் போட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டினாலோ திரும்ப முதல்லேர்ந்து எண்ணுவாங்க. யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது ஓடி ஒளிஞ்சு யாருக்கு லாபம்? தவணைக்குப் பேசி எழுதி வாங்கிக்கிட்டு, தவறாமக் கட்டுங்க.

ஆக என் கணக்குல உங்க வரிசை இது: தங்கச்சி ஃபீஸ், அப்புறம் கார், படிப்புக் கடன் அது பாட்டுக்கு மாசாமாசம், கூடவே கல்யாணத்துக்கு முன்னாடி நோட்டரி, வீடு அதுக்கப்புறம். எவ்வளவு நாள் ஆகும்ங்கறது அந்தக் காரோட செட்டில்மெண்ட் லெட்டர்ல என்ன நம்பர் வருதுங்கறதைப் பொறுத்தது, அது தெரியாம நான் வருஷம் சொன்னா ஜோசியம் ஆயிடும். இதுக்கு நடுவுல நல்ல வீடு ஒண்ணு கண்ணுல பட்டு மாமா வற்புறுத்தினா, ஆஃபர் டு பர்ச்சேஸ்ல (வீடு வாங்கற ஒப்பந்தம்) கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "இத்தனை ராண்ட் பாண்ட், இத்தனை நாளுக்குள்ள கிடைச்சாத்தான் இது செல்லும்"ங்கற நிபந்தனை இருக்கான்னு பாருங்க, இல்லாம கையெழுத்துப் போட்டா பேங்க் மறுத்தாலும் விக்கறவர் உங்களை விடமாட்டார். வூட்ஸ்டூட்ஸ்னு போட்டிருந்தா இருக்கற நிலையிலேயே வாங்கறீங்கன்னு அர்த்தம், சுவர்ல ஈரம், மதில் சாய்வு எல்லாத்தையும் முன்னாடியே ஒரு ஆளை வச்சுப் பார்க்கணும். டோங்காட், வெருலம் பக்கம், ஆத்தோரம், சரிவுல இருக்கற வீடுன்னா 2022 ஏப்ரல் வெள்ளத்துல அங்க என்ன ஆச்சுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த அட்ரஸுக்கு என்ன பிரீமியம் கேக்குதுன்னும் ஆஃபர் கொடுக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க. காரோட பேப்பர் கிடைச்சதும் நம்பரை மட்டும் இங்க போடுங்க, நேரம் இருக்கும்போது திரும்பக் கணக்குப் போட்டுத் தர்றேன். அக்கவுண்ட் நம்பர், ஐடி நம்பர் எதையும் பொதுவுல போட்டுடாதீங்க.